அரண்மனைப் பஞ்சாங்கமும் அடுப்படித் தெய்வமும்



பிற நாட்டு மக்களின் வாழ்வைத் தமிழ் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பிய ஓர் ஆசிரியரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடைபெறுகிறது. அந்த விருப்பத்துக்கு ஏற்ற பொருளாகச் சீனர்கள் புத்தாண்டை வரவேற்கும் முறையை எடுத்துக்கொண்டேன். சீனப் புத்தாண்டு என்றதும் சிவப்பு விளக்குகளும் சிங்க நடனமும் பட்டாசும் நம் கண்முன் வரும். அவற்றைப் பற்றி இன்று குறைவாகவே பேசுவேன். தெருவில் தெரிகிற கொண்டாட்டத்தைவிட வீட்டுக்குள், அதிலும் அடுப்படியில் நடப்பதில்தான் அந்தப் புத்தாண்டின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த நாளை இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சீன அரசுகள் தம் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தன. கடந்த நூறாண்டில் அதை இடம் மாற்றவும் ஒழிக்கவும்கூட முனைந்தன. அத்தனைக்கும் பிறகு அது நிலைத்திருப்பதற்கு அடுப்படிதான் காரணம்.

நாள் எப்படிக் குறிக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சீனப் பஞ்சாங்கம் சூரியனையும் சந்திரனையும் சேர்த்துப் பார்ப்பது. ஒவ்வொரு மாதமும் அமாவாசையன்று தொடங்கும். வடக்கே பகல் மிகக் குறுகியிருக்கும் குளிர்கால அயன நாள் எப்போதும் பதினோராம் மாதத்துக்குள் அமைய வேண்டும். அதற்காகப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை அதிக மாதம் சேர்க்கிறார்கள். இந்தக் கணக்கின்படி, அயன நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது அமாவாசையே பெரும்பாலும் புத்தாண்டு. அது ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். 2025-இல் ஜனவரி 29 அன்று வந்தது. 2026-இல் பிப்ரவரி 17. ஆண்டின் கடைசி மாதத்துக்கு 29 நாளும் வரலாம், 30 நாளும் வரலாம். 2025 முதல் 2029 வரை ஐந்து புத்தாண்டுகளுக்கும் முந்தைய மாதம் 29 நாளோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் மக்கள் பேச்சில் அந்தக் கடைசி இரவு ‘முப்பதாம் இரவு’தான்.

சீனத்தை ஒன்றாக்கிய சின் பேரரசு பத்தாம் மாதத்திலிருந்து ஆண்டைத் தொடங்கியது. கி.மு. 104-இல் ஹான் பேரரசர் வூ புதிய பஞ்சாங்கம் வகுத்து, இன்றுள்ள முதல் மாதத்தை நிலைநிறுத்தினார். பின்னால் ஆட்சிக்கு வந்த பேரரசி வூ சேத்தியான் 689-இல் ஆண்டின் தொடக்கத்தைப் பதினோராம் மாதத்துக்கு நகர்த்தினார். 700-இல் அது பழைய இடத்துக்கே திரும்பியது. காலத்தை வகுப்பவனே நாட்டை ஆள்பவன் என்பது சீன மன்னர்களின் உறுதியான எண்ணம். அதனால் பஞ்சாங்கம் அச்சிடுவது அரசின் தனியுரிமையாக இருந்தது. சிச்சுவான் பகுதிச் சந்தைகளில், அரண்மனையின் வானியல் அலுவலகம் புதிய பஞ்சாங்கத்தை வெளியிடும் முன்பே, தனியார் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட பஞ்சாங்கங்கள் விற்றுத் தீர்ந்தன. ஓர் ஆளுநர் இதை அரசரிடம் முறையிட்டார். 835-இல் தாங் அரசு தடை விதித்தது. தடை பயனளித்ததா? இல்லை. துன்ஹுவாங் குகையில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் 877-ஆம் ஆண்டின் அச்சுப் பஞ்சாங்கத்தில் பன்னிரு விலங்குகளின் படங்கள் வரிசையாக உள்ளன. பல நூற்றாண்டுகள் கழித்து மிங் அரசும் தன் பஞ்சாங்கத்தில் எச்சரிக்கை முத்திரை குத்தியது: கள்ளப் பஞ்சாங்கம் அச்சிடுபவனுக்குத் தலை போகும், காட்டிக்கொடுப்பவனுக்கு வெள்ளி வெகுமதி.

அரசு இத்தனை கெடுபிடி செய்த பஞ்சாங்கம் ஏழை உழவனின் வீட்டுக்கு எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அது அடுப்படித் தெய்வத்தின் படமாகப் போனது. வடசீனக் கிராமங்களில் மலிவான தாளில், மரப்பலகை அச்சில், அடுப்படித் தெய்வமும் அவர் மனைவியும் அருகருகே அமர்ந்த படம் விற்கும். அதன் மேற்பகுதியில் அந்த ஆண்டின் இருபத்து நான்கு பருவநாள்கள் அச்சிடப்பட்டிருக்கும். இவ்வாண்டு எத்தனை நாகங்கள் மழை நீரைக் காக்கும், எத்தனை மாடுகள் ஏர் இழுக்கும் என்ற குறிப்பும் இருக்கும். எழுத்தறியாத வீடுகளிலும் அடுப்புக்கு மேலே ஓர் ஆண்டுக் காலம் புகைபடிந்து தொங்கியது அந்தத் தாள்தான்.

புத்தாண்டு வரவேற்பும் அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறது. கடைசி மாதம் இருபத்து மூன்றாம் நாள் வடக்கில், இருபத்து நான்காம் நாள் தெற்கில், அடுப்படித் தெய்வத்தை வானுலகுக்கு வழியனுப்புவார்கள். ஆண்டு முழுவதும் குடும்பத்தில் யார் என்ன பேசினார்கள், யார் மாமியாரைத் திட்டினார்கள், யார் அரிசியை வீணடித்தார்கள் என்பதையெல்லாம் அவர் அங்கே வானுலகை ஆளும் ஜேட் பேரரசரிடம் சொல்வார். அதனால் பல்லில் ஒட்டும் பாகு மிட்டாயை அவருக்குப் படைத்து, உதட்டிலும் தடவுவார்கள். வாய் இனிக்கட்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டாவது கிடக்கட்டும். பிறகு படத்தை எரித்துவிடுவார்கள். முப்பதாம் இரவில் புதிய படம் ஒட்டப்படும். தெய்வம் வீடு திரும்பிவிட்டார் என்று பொருள். நடுவிலுள்ள அந்த ஒரு வாரம் வீட்டில் தெய்வக் காவல் இல்லை. அந்த நாள்களில்தான் ஒட்டடை அடிப்பதும், பாத்திரம் துலக்குவதும், கடன் தீர்ப்பதும். நாள் நட்சத்திரம் பார்க்காமல் திருமணம் முடிக்கவும் பல ஊர்களில் அந்த வாரத்தைப் பயன்படுத்தினார்கள்.

கடன் தீர்ப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய சீனத்தில் ஆண்டுக்கு மூன்று தவணைகள்: டிராகன் படகு விழா, இலையுதிர்கால நிலா விழா, ஆண்டு முடிவு. இவற்றில் கடைசியைத் தள்ளிப்போட முடியாது. கடைக் கணக்கு, நிலக் குத்தகை, வேலைக்காரர் கூலி, அடுத்த ஆண்டு யாரை வேலையில் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அந்த நாளில் முடிவாகும். கடன் கொடுத்தவர்கள் விளக்கை ஏந்திக்கொண்டு முப்பதாம் இரவு முழுக்க வீடு வீடாக அலைவார்கள். வாசலில் சிவப்புத் தாளில் எழுதிய ஈரடி வாழ்த்தை ஒட்டிவிட்டால் கடன்காரர் உள்ளே வரக்கூடாது என்பது வழக்கம். பொழுது விடிந்துவிட்டால் வாழ்த்து மட்டுமே சொல்லலாம், கடனைக் கேட்கலாகாது. 1945-இல் யெனானில் அரங்கேறிய ‘வெண்கூந்தல் பெண்’ என்ற இசை நாடகம் இந்த இரவில்தான் தொடங்குகிறது. கடனுக்குப் பயந்து ஓடி ஒளிந்திருந்த தந்தை, மகளுக்கு ஒரு சிவப்பு நாடாவை வாங்கிக்கொண்டு பனியில் வீடு திரும்புகிறார். நிலவுடைமையின் கொடுமையைச் சொல்லப் பொதுவுடைமைக் கட்சியின் கலைஞர்கள் தேர்ந்துகொண்ட இரவு அது. பார்க்கும் உழவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

வாசல் வாழ்த்துக்கும் பழைய வேர் உண்டு. முன்பு தீயவற்றைத் தடுக்கப் பீச் மரப்பலகைகளைக் கதவில் தொங்கவிட்டார்கள். பின்னால் அது தாளுக்கும் எழுத்துக்கும் மாறியது. மிங் அரசின் முதல் மன்னர் மாறுவேடத்தில் நான்ஜிங் தெருக்களைச் சுற்றிவந்தபோது ஒரு வீட்டில் மட்டும் வாழ்த்து இல்லாததைக் கண்டு, பன்றிக்குக் காயடித்துப் பிழைக்கும் எழுத்தறியாத அந்த வீட்டுக்காரனுக்குத் தாமே எழுதிக்கொடுத்தார் என்றொரு கதை வழங்குகிறது. இன்னொரு கதையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘நியான்’ என்னும் கொடிய விலங்கு ஆண்டு முடிவில் ஊருக்குள் வரும், சிவப்பையும் வெடியோசையையும் கண்டு ஓடும் என்று குழந்தை நூல்களெல்லாம் சொல்கின்றன. பழைய நூல்களில் அந்த விலங்கைக் காணோம். ஆறாம் நூற்றாண்டில் சோங் லின் எழுதிய ஜிங்-சூ பகுதியின் பருவ வழக்கங்கள் பற்றிய நூலில் இருப்பது வேறு. மலைப்பேய்களை விரட்ட முற்றத்தில் மூங்கிலைத் தீயிலிட்டு வெடிக்க வைத்தார்கள் என்கிறது அந்நூல். குடும்பத்தார் வரிசையாக மூலிகை மது அருந்தினார்கள், வயதில் சிறியவர் முதலில் குடித்தார் என்றும் சொல்கிறது. எல்லாவற்றிலும் மூத்தோரை முன்வைக்கும் சீன வீட்டில் இது அதிசயம். அன்று எல்லோருக்கும் ஒரு வயது கூடுகிறது. சிறியவருக்கு அது வரவு, ஆகவே முதலில் வாழ்த்து. முதியவருக்கு ஓர் ஆண்டு கழிகிறது, ஆகவே கடைசியில். இந்த வழக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பழங்காலத்து மனிதர்கள்மேல் எனக்குப் பேரன்பு தோன்றுகிறது.

இரவு விருந்துக்கு வருவோம். குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் கூடும். வடக்கே கோதுமை மாவில் கறியும் முட்டைக்கோசும் பொதிந்த ஜியாவ்சி. நம் கொழுக்கட்டை போல மடிப்பு வைத்து மூடுவது. எல்லாக் கைகளும் சேர்ந்து பிடிக்கும் பண்டம் அது. ஒன்றிரண்டினுள் நாணயத்தை மறைத்து வைப்பார்கள். கிடைத்தவருக்கு நல்ல ஆண்டு. தெற்கே பசையரிசி மாவில் செய்யும் நியன்காவ். மீன் எங்கும் உண்டு, ஆனால் முழுவதும் தின்று தீர்க்க மாட்டார்கள். மிச்சம் இருந்தால்தான் அடுத்த ஆண்டும் மிஞ்சும். உண்டபின் விழித்திருப்பார்கள். பிள்ளைகள் விழித்திருக்கும் அளவுக்குப் பெற்றோரின் ஆயுள் நீளும் என்பது நம்பிக்கை. பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பார்கள். முன்பு சிவப்பு நூலில் கோத்த செப்புக் காசு, பின்பு சிவப்பு உறை, 2014 முதல் வீசாட் செயலியிலும். மறுநாள் துடைப்பத்தைத் தொடக்கூடாது. இரண்டாம் நாள் மணமான மகள் தாய்வீடு போவாள். ஐந்தாம் நாள் செல்வத் தெய்வத்துக்கு. பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழாவோடு முடியும்.

இந்த இனிமையின் மறுபக்கத்தை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். 1924-இல் லூ சுன் எழுதிய ‘புத்தாண்டுப் படையல்’ என்ற கதையில் ஒரு விதவை வேலைக்காரி வருகிறாள். ஆண் ஆட்களுக்கு ஈடாக உழைப்பவள். ஒரு புத்தாண்டுக்கு வீடு முழுவதும் கழுவி, கோழி அறுத்து, இரவெல்லாம் படையலைச் சமைத்தவள் அவள் ஒருத்தியே. வற்புறுத்தி மறுமணம் செய்துவைக்கப்பட்டு, அந்தக் கணவனையும் குழந்தையையும் இழந்து அதே வீட்டுக்குத் திரும்பும்போது, அவள் கை தீட்டு என்று படையல் பாத்திரத்தைத் தொடவிடுவதில்லை. கோயிலுக்கு வாசற்படி காணிக்கை கொடுத்துப் பாவம் தீர்ந்தது என்று நம்பி வந்தவளை மறுபடியும் தடுக்கிறார்கள். அதோடு அவள் உடைந்துபோகிறாள். ஊர் முழுக்க வெடி வெடிக்கும் வேளையில் பிச்சைக்காரியாகச் செத்துக் கிடக்கிறாள். அடுப்படி இந்த விழாவைக் காத்தது என்று சொல்லும்போது, அடுப்படியில் நின்றவர்கள் பெண்கள் என்பதையும், அவர்களிலேயே சிலரை அது வெளியே தள்ளியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நூறாண்டுப் போராட்டத்துக்கு வருகிறேன். 1912 ஜனவரி 1 அன்று நான்ஜிங்கில் சன் யாட்-சென் குடியரசின் தற்காலிகத் தலைவராகப் பொறுப்பேற்றார். அன்றே நாடு சூரிய நாள்காட்டிக்கு மாறியது. பழைய புத்தாண்டின் பெயர் ஜனவரி 1-க்குப் போயிற்று. 1914-இல், அவருக்குப் பின் தலைவரான யுவான் ஷிகாயின் அரசு பழைய நாளுக்கு ‘வசந்த விழா’ என்ற புதுப் பெயரைத் தந்தது. பெயரைப் பறித்தார்களே ஒழிய நாளை விட்டுவைத்தார்கள். கடுமை வந்தது தேசியவாதக் கட்சியான கோமின்டாங்கின் ஆட்சியில். 1928 முதல் பழைய நாள்காட்டியை ஒழிக்கும் ஆணைகள் வந்தன. பழைய தேதிகள் அச்சிட்ட பஞ்சாங்கம் விற்கக்கூடாது. 1930 ஜனவரி 30 அன்று வந்த பழைய புத்தாண்டில் கடைகள் மூடக்கூடாது, அலுவலகங்களுக்கு விடுமுறை கிடையாது. விளக்கு, வாழ்த்து, விருந்து எல்லாவற்றையும் ஜனவரி 1-க்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். மக்கள் மாற்றவில்லை. 1934 வாக்கில், மக்கள் வழக்கத்தில் அளவுக்கு மீறித் தலையிட வேண்டாம் என்று அரசே இறங்கிவந்தது.

இதே மாற்றத்தை ஜப்பான் 1873-இல் செய்தது. அங்கே இன்று புத்தாண்டு ஜனவரி 1-இல்தான். ஆகவே பழம் புத்தாண்டை எந்த அரசாலும் அசைக்க முடியாது என்று நான் சொல்லமாட்டேன். அதே 1873-இல் ஜப்பான் நிலவரியையும் பணமாகக் கட்டும்படி சீர்திருத்தியது. அரசின் கை கடைசிக் கிராமம்வரை நீண்டிருந்தது. வரியும் கணக்கும் பள்ளியும் புதிய ஆண்டோடு நகர்ந்தன. சீனக் குடியரசின் ஆணை நகரத்துக் காவல் நிலையத்தோடு நின்றது. கிராமத்தில் குத்தகையும் கடனும் பழைய கணக்கில்தான் ஓடின. கடன் தீர்க்கும் நாளை மாற்றாமல் விழாவை மட்டும் மாற்றிவிட முடியுமா?

இந்த விளக்கம் 1930-க்குப் பொருந்தும், 1967-க்குப் பொருந்தாது. மக்கள் சீனம் வந்தபின் நிலவுடைமையாளரும் இல்லை, கடன்காரரும் இல்லை. கூலியும் தானியமும் அரசின் கையில். தொடக்கத்தில் புதிய அரசு வசந்த விழாவுக்கு மூன்று நாள் விடுமுறை கொடுத்தது. படங்களைத்தான் மாற்றப் பார்த்தது. 1949 நவம்பரில் பண்பாட்டு அமைச்சகம் புதிய புத்தாண்டுப் படங்கள் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. அமைச்சர், எழுத்தாளர் மாவோ துன். கதவிலிருந்த போர்வீரத் தெய்வங்களின் இடத்தில் உழவரும் தொழிலாளரும் படைவீரரும் வந்தார்கள். அடுப்படித் தெய்வம் மூடநம்பிக்கை என்று விலக்கப்பட்டார். பண்பாட்டுப் புரட்சியின் நடுவே, 1967 ஜனவரி இறுதியில், அந்த ஆண்டு வசந்த விழா விடுமுறை கிடையாது என்று அரசவை அறிவித்தது. புரட்சிகரமான புத்தாண்டாகக் கழியுங்கள், ஆலைக்குப் போங்கள், வயலுக்குப் போங்கள் என்றார்கள். பத்தாண்டுக்கு மேல் இதே நிலை. மக்களும் பகலில் வேலைக்குப் போனார்கள். மாலை வீடு திரும்பி மாவு பிசைந்தார்கள். பெய்ஜிங்கில் பங்கீட்டு அட்டைக்குப் புத்தாண்டுச் சிறப்பாகக் கொஞ்சம் வேர்க்கடலையும் விதைகளும் கொடுக்கும் வழக்கமும் அந்தக் காலத்துக்கே உரியது. படமில்லை, படையலில்லை, வெடியில்லை. எஞ்சியது சேர்ந்து உண்பது ஒன்றே; அது போதுமானதாக இருந்தது. விடுமுறை மீண்டும் வந்தபோது விழாவைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 1983-இல் மத்தியத் தொலைக்காட்சி முப்பதாம் இரவு நிகழ்ச்சியை முதன்முறை நேரடியாக ஒளிபரப்பியபோது, நாடு அதைப் பார்த்தது ஜியாவ்சி பிடித்துக்கொண்டே.

அதே 1967-இல், கம்யூனிசத்தை வெறுத்த மற்றோர் அரசும் இதே வேலையைச் செய்தது. இந்தோனேசியாவில் சுகார்த்தோ பிறப்பித்த 14-ஆம் எண் ஆணை, சீனர்களின் சமய, பண்பாட்டு வழக்கங்களைப் பொதுவெளியில் நடத்தக்கூடாது, குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2000-இல் அப்துர்ரஹ்மான் வாஹித் அதை நீக்கினார். 2003 முதல் அந்த நாள் தேசிய விடுமுறை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கதவுக்குள்ளேயே இருந்த விழா, கதவு திறந்ததும் சிங்கத்தோடு தெருவுக்கு வந்தது. அரசு குடும்பத்தை விட்டுவைத்தது, விழாவின் கிளையை வெட்டி வேரை விட்டதுதான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழருக்கு இது அண்டை வீட்டு விழா. பினாங்கின் ஹொக்கியன் மக்களுக்கு ஒன்பதாம் நாள்தான் பெரிய புத்தாண்டு. முன்னோர்கள் கொலைகாரப் படைகளுக்குத் தப்பிக் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று சொல்லி, முழுக் கரும்புகளைக் கட்டிவைத்து நள்ளிரவில் ஜேட் பேரரசரை வணங்குகிறார்கள். பச்சை மீனும் காய்கறிச் சீவலும் கலந்து எல்லோரும் குச்சியால் உயரத் தூக்கிப் போடும் யூஷெங், இன்றுள்ள வடிவில் 1964-இல் சிங்கப்பூரில் நான்கு சமையற்கலைஞர்கள் பரப்பியது. அந்த மேசையைச் சுற்றித் தமிழரும் மலாய்க்காரரும் நிற்பதைக் காணலாம். அங்கே தீபாவளிக்குத் தமிழ்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு வண்ண உறையில் பணம் கொடுக்கிறார்கள். சீனர் வீட்டுச் சிவப்பு உறையான அங்பாவிலிருந்து வந்த பழக்கம் அது.

இன்றைய சீனத்தில் இந்த விழாவுக்குச் சோதனை ஆணையால் வருவதில்லை, தொலைவால் வருகிறது. கோடிக்கணக்கான உழைப்பாளிகள் கிராமத்தில் பிள்ளைகளை விட்டுக் கடற்கரை நகரங்களில் வேலை செய்கிறார்கள். புத்தாண்டுக்கு முன்னும் பின்னுமாக நாற்பது நாள் நடக்கும் போக்குவரத்தில், 2025-இல் சுமார் 900 கோடிப் பயணங்கள் கணக்கிடப்பட்டன. 2008-இல் கடும் பனியில் ரயில்கள் நின்று, குவாங்சோ நிலையத்தில் பல லட்சம் பேர் சிக்கிக்கொண்டார்கள். நெரிசலில் உயிரும் போயிற்று. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகள், டிக்கெட் கிடைக்காத தொழிலாளர்கள் குவாங்டொங்கிலிருந்து குவாங்சிக்கும் குய்சோவுக்கும் மோட்டார் சைக்கிளில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். முன்னால் குழந்தை, பின்னால் மனைவி, மேலே நெகிழி மழையுறை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலைச்சாலை. வழியில் காவலர்களும் தொண்டர்களும் சூடான கஞ்சியும் இஞ்சிக் கஷாயமும் கொடுத்தார்கள். 2014 டிசம்பரில் அந்த மலைகளுக்கு ஊடே அதிவேக ரயில் வந்தபின் அந்தக் கூட்டம் குறைந்தது. ஒரே இரவுச் சாப்பாட்டுக்காக இத்தனை துன்பமா என்று கேட்பவர்களுக்கு, ஆண்டில் ஒருமுறை மட்டும் தன் பிள்ளையைப் பார்க்கும் ஒரு தாயை நினைத்துப் பார்க்கும்படி சொல்வேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முப்பதாம் இரவு மருமகள் கணவன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது பழைய முறை. ஒற்றைக் குழந்தைக் கொள்கையின் கீழ்ப் பிறந்த தலைமுறை மணம் முடித்தபோது, அந்த இரவில் பெண்ணைப் பெற்றவர்கள் தனியே உட்கார வேண்டியதாயிற்று. யார் வீட்டுக்குப் போவது என்பது கணவன்–மனைவிச் சண்டையானது. இவ்வாண்டு உன் வீடு, அடுத்த ஆண்டு என் வீடு என்று சிலர், பெற்றோர் நால்வரையும் நகரத்துக்கே அழைத்துக்கொள்வோர் சிலர், உணவகத்தில் மேசை பதிவு செய்வோர் சிலர். இவை மரபின் சிதைவு என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுப்படி முதன்முறையாகப் பெண்ணின் பக்கமும் நியாயம் பேசுகிறது. லூ சுன்னின் வேலைக்காரிக்குக் கிடைக்காதது அது.

அரசும் ஒருவழியாக அந்த இரவின் முக்கியத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. விடுமுறை புத்தாண்டு நாளிலிருந்துதான் தொடங்கும் என்பதே நெடுங்காலம் சட்டமாக இருந்தது. 2008-இல் முந்தைய நாளிலிருந்து தொடங்கச் செய்தார்கள். 2014-இல் மறுபடியும் எடுத்துவிட்டார்கள்; மக்கள் கடுமையாகக் குறைகூறினார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ வசந்த விழாவை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குச் சில வாரம் முன்பு சீன அரசவை விடுமுறைச் சட்டத்தைத் திருத்தி, மூன்று நாளை நான்காக்கி, முப்பதாம் இரவின் பகலையும் அதில் சேர்த்தது. 2025 ஜனவரி 28 அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது சட்டப்படியான உரிமையாயிற்று. அன்று சமையலில் யார் யார் கைகொடுப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதைச் சீன வீடுகள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கின்றன.